அச்சு வேண்டாம், மாவு போதும்

சின்னப் பிள்ளைகளுக்கு விளையாடப் பிசைந்த மாவைக் கொடுங்கள் என்று சொல்கிறவர்கள் முதலில் காட்டும் காரணம், விரல் வலுப்படும், நாளைக்குப் பென்சில் பிடிக்க உதவும் என்பதுதான். அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் மாவு விளையாட்டுக்குச் சொல்லக்கூடிய காரணங்களிலேயே மெலிந்தது அதுதான் என்பது இந்த அத்தியாயத்தின் கட்சி. மாவின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கொடுத்த உருவத்தை அது வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் அடுத்த நொடியே விட்டுவிடும். வீட்டில் பிள்ளையின் கைக்கு எட்டும் பொருள்களில் இப்படி நடந்துகொள்பவை மிகச் சில. தண்ணீரில் எந்த உருவமும் நிற்காது. காய்ந்த மணல் சரியும். மரக்கட்டைகளை அடுக்கலாம், கலைக்கலாம், ஆனால் கட்டையின் வடிவம் கட்டை செய்தவர் முடிவு செய்தது. கிரேயானால் போட்ட கோடு போட்டதுதான். பிடிக்கவில்லை என்றால் வேறு தாள்தான் வேண்டும். மாவில் மட்டும் பிள்ளை ஒரு முடிவை எடுத்து, அதன் விளைவைக் கண்ணால் பார்த்து, செலவில்லாமல் அதை மாற்றிக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் அந்தச் சுற்று பலமுறை ஓடிவிடும். கற்றல் நடப்பது அந்தச் சுற்றில். மேசை மேல் கடைசியில் மிஞ்சி நிற்கும் பொம்மையில் அதைத் தேடினால் கிடைக்காது.

இப்படிப் பிசைந்து விளையாடும் பண்டங்கள் உருவான கதையே இதற்கு ஒரு சாட்சி. இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம், சிற்பம் கற்பித்த வில்லியம் ஹார்பட் 1897இல் பிளாஸ்டிசின் என்னும் காயாத களிமண்ணை உருவாக்கினார். சாதாரணக் களிமண் காற்றுப் பட்டால் இறுகிவிடும். மாணவர் செய்த பிழையும் அதோடு இறுகிவிடும். திரும்பத் திரும்பத் திருத்தக்கூடிய மண்தான் அவருக்குத் தேவைப்பட்டது. பிளே-டோ என்னும் விளையாட்டு மாவு வந்த வழி இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவில் வீட்டுச் சுவர்க் காகிதத்தில் படியும் நிலக்கரிப் புகையைத் துடைத்தெடுக்க, சின்சினாட்டி நகரத்து நிறுவனம் ஒன்று 1930களிலிருந்தே பிசைந்த மாவு போன்ற ஒரு பண்டத்தை விற்றுவந்தது. வீடுகளைச் சூடாக்க எரிவாயுவும் எண்ணெயும் வந்த பிறகு புகை குறைந்தது, விற்பனையும் படுத்தது. அந்த நிறுவனத்தை நடத்தியவரின் உறவினரான கே ஸுஃபால் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. சிறுபிள்ளைகளின் கைக்குச் சிற்பக் களிமண் கடினமாக இருக்கிறது, இந்தச் சுவர் துடைக்கும் மாவு மெத்தென்று இருக்கிறது என்று கண்டு சொன்னவர் அவர். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. காயாமை, மென்மை இரண்டும் ஒரே காரியத்துக்காகத்தான்: பிள்ளை செய்ததைத் தானே கலைத்து மறுபடி செய்ய முடிய வேண்டும். இரண்டின் தேவையையும் காட்டிக்கொடுத்தது வகுப்பறை என்பதையும் கவனிக்கலாம்.

கலைத்துச் செய்வதால் அறிவுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு உளவியலாளர் ழான் பியாஜேயிடமிருந்து தொடங்குவது முறை. பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1941இல் வெளியிட்ட நூலில் வரும் சோதனை இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. ஒரே அளவான இரண்டு களிமண் உருண்டைகளைக் காட்டி, இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகு, அதன் கண் முன்னாலேயே ஒன்றை நீளமாக உருட்டுவார்கள். இப்போது எதில் மண் அதிகம்? நாலைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீளமானதில்தான் அதிகம் என்பார்கள். எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை என்று கண்ணால் பார்த்திருந்தும் நீளம் அவர்களை ஏமாற்றுகிறது. உருவம் மாறினாலும் பொருளின் அளவு மாறாது என்ற தெளிவு ஏழெட்டு வயதில்தான் நிலைபெறுகிறது என்பது பியாஜேயின் கணிப்பு. எடை மாறாது என்பது ஒன்பது, பத்து வயதில். அடைக்கும் இடம் மாறாது என்பது பதினொன்று, பன்னிரண்டில். இதைப் படித்துவிட்டு, ஏழு வயதில் தானாக வரப்போவதற்கு மூன்று வயதில் மாவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வயது வந்தால் அறிவு வரும் என்றால் நாம் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே.

இதற்கு ஒரு பதில் மெக்சிகோவிலிருந்து கிடைக்கிறது. 1969இல் பிரைஸ்-வில்லியம்ஸ், கார்டன், ராமிரெஸ் மூவரும் அங்கே இரண்டு ஊர்களில், மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளையும் மற்றக் குடும்பத்துப் பிள்ளைகளையும் ஆறு முதல் ஒன்பது வயதுவரை எடுத்து, இதே களிமண் கேள்வியைக் கேட்டார்கள். மண்ணை அன்றாடம் பிசைந்து பழகிய பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். ஓர் ஊரில் அந்த மேன்மை பெரும்பாலும் மண்ணின் அளவு பற்றிய கேள்வியோடு நின்றுவிட்டது. மற்ற ஊரில் எண், நீர், எடை, கன அளவு என்று எல்லாக் கேள்விகளிலும் தெரிந்தது. ஆய்வு சிறியது. குயவர் வீட்டுப் பிள்ளைக்குக் கையில் மண் மட்டுமா கிடைக்கிறது, மண்ணைப் பற்றிப் பேசும் பெரியவர்களும் அல்லவா கிடைக்கிறார்கள் என்றும் கேட்கலாம். அதனால் மாவு கொடுத்தால் கணக்கு வரும் என்று இதை வைத்து யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். இது காட்டுவது இவ்வளவுதான்: வயது வேலையைத் தனியாகச் செய்யவில்லை, கைப்பழக்கமும் அதில் பங்கு கொள்கிறது. வழிகாட்டி நூல் ஒன்றுக்கு இந்த அளவு உறுதி போதும்.

இன்னொரு ஆய்வு, பிள்ளையிடம் நாம் எப்படிப் பேச வேண்டும் என்பதைத் தொடுகிறது. 1984இல் ஜூடித் சாமுவேலும் பீட்டர் பிரையன்ட்டும் ஐந்து முதல் எட்டரை வயது வரையிலான 252 பிள்ளைகளை வைத்து இந்தச் சோதனையைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று பிளே-டோ. பியாஜே முறையில் உருமாற்றத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று ஒரே கேள்வி இருமுறை வரும். இவர்கள் சிலரிடம் பின்னால் மட்டும் கேட்டார்கள். ஒருமுறை மட்டும் கேட்கப்பட்ட பிள்ளைகள் குறைவாகத் தவறு செய்தார்கள். பெரியவர் அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடுகிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். மாவு விளையாட்டின் நடுவே உட்கார்ந்து “எது பெருசு? இப்ப எது பெருசு?” என்று குடையும் பெற்றோருக்கு இது போதுமான எச்சரிக்கை. தெரிந்ததையும் தெரியாததாக்க நம் கேள்விகளுக்குச் சக்தி உண்டு.

கேள்வி கேட்காமல் பார்த்தாலே எவ்வளவோ தெரியும். நாலு வயதுப் பிள்ளை ஒன்று பாம்பு உருட்டுவதைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் உள்ளங்கையை மேலே வைத்து அமுக்கும். மாவு உருளாமல் தட்டையாகும். கையை முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் உருளும் என்பது சில தடவைக்குப் பிறகு பிடிபடும். கை நடுவில் மட்டும் படுவதால் நடுப்பகுதி மெலிந்து, இரண்டு முனையும் தடித்து நிற்கும். இன்னும் இரண்டு உருட்டு உருட்டினால் நடுவில் அறுந்துவிடும். அறுந்ததை முனையோடு முனை வைத்துப் பார்க்கும், ஒட்டாது. அழுத்தினால் ஒட்டும், ஆனால் அந்த இடம் சப்பையாகும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து உருண்டையாக்கி, இந்த முறை விரல்களை விரித்து வைத்து மெதுவாக உருட்டத் தொடங்கும். அழுத்தம் எவ்வளவு, எங்கே, எந்தத் திசையில் என்ற மூன்றையும் அது பிரித்து அறிந்துகொண்டுவிட்டது. அதைச் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் முதல் தடவையிலேயே “நடுவுல அழுத்தாத கண்ணு, இப்படிப் பண்ணு” என்று வாங்கிச் செய்து காட்டியிருந்தால் பாம்பு அழகாக வந்திருக்கும். மற்ற எதுவும் நடந்திருக்காது.

பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, சிறு பிள்ளைகள் காரியத்தின் நடுவே தமக்குத்தாமே பேசிக்கொள்வதை ஆராய்ந்தவர். வேலையில் முட்டுக்கட்டை வந்தால் அந்தப் பேச்சு கூடுகிறது என்று கண்டார். அது பிள்ளை வாய்விட்டு யோசிப்பது என்பது அவர் துணிபு. யானையின் கால் மடிந்து விழும்போது “ஐயோ விழுந்துடுச்சு, இன்னொரு கால் வேணும், குண்டா வேணும்” என்று பிள்ளை முணுமுணுத்தால் அது உங்களிடம் உதவி கேட்கவில்லை. பதில் சொல்லப் போக வேண்டாம். வைகாட்ஸ்கி ஓவியத்தைப் பற்றிச் சொன்ன இன்னொன்று மாவுக்கும் அப்படியே பொருந்தும்: மிகச் சிறு பிள்ளை வரைந்து முடித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைக்கிறது, கொஞ்சம் வளர்ந்தால் பாதியில் பெயர் வருகிறது, பிறகு பெயரை முதலில் சொல்லிவிட்டு வரையத் தொடங்குகிறது. செயலுக்குப் பின்னால் வந்த சொல் முன்னால் வந்து திட்டமாகிறது. இரண்டரை வயதுப் பிள்ளையிடம் உருட்டிய கட்டியைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் அது ஏதாவது ஒன்றைச் சொல்லும், ‘காக்கா’ என்றுகூடச் சொல்லும், அதை ஓவிய அறிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பொய்யாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் கேட்பதைவிட, “ரொம்ப நீளமா வந்திருக்கே”, “இங்க குழி விழுந்திருக்கு” என்று கண்ணில் படுவதைச் சொல்வது நல்லது. நீளம், குழி, மேடு, வழவழப்பு, சொரசொரப்பு, பிசுபிசுப்பு எல்லாம் கையில் பொருள் இருக்கும்போதே காதில் விழுகின்றன. ஐந்து வயதில் “என்ன செய்யப்போற?” என்று முன்கூட்டியே கேட்கலாம், அப்போது அந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது.

இனி எழுத்து விஷயம். எல்.கே.ஜி.யிலேயே நாலு கோடு நோட்டை எதிர்பார்க்கும் பெற்றோருக்கு, மாவு பிசைந்தால் கையெழுத்து வரும் என்று சமாதானம் சொல்லும் பள்ளிகள் பல. ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. கையெழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கான பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு, எழுதும் பயிற்சியே சேராத முறைகள் பலன் தரவில்லை என்று முடித்தது. எழுத வேண்டுமானால் ஒருநாள் எழுதித்தான் ஆக வேண்டும். அதே சமயம், மூன்று வயதில் அந்த நாள் வந்துவிடவில்லை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு உருவாகச் சுமார் பன்னிரண்டு வயதாகும். பென்சிலை மூன்று விரலால் பிடிக்கும் பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலிலிருந்து ஆறு வயதுக்குள் படிகிறது. அந்த இடைக்காலத்தில் கிள்ளவும் உருட்டவும் நசுக்கவும் கைக்கு வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் அதை எழுத்துக்கான முன்பணமாக நினைத்தால், மாவில் ‘அ’ செய், ‘ஆ’ செய் என்று தொடங்கிவிடுவோம். கலைக்கலாம் என்ற சுதந்திரம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் ‘அ’வுக்குச் சரியான வடிவம் ஒன்றே ஒன்றுதான்.

அச்சு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். கடைகளில் விற்கும் ‘கிளே’ பெட்டிகளில் மாவைவிட அச்சுகள் அதிகம்: மீன், நட்சத்திரம், ஐஸ்கிரீம். அச்சில் அமுக்கி எடுத்தால் மீன் வருகிறது. பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு எதுவும் அதில் மிச்சமில்லை. துடுப்பு எங்கே, வால் எவ்வளவு அகலம், நிற்குமா படுக்குமா என்பதெல்லாம் அச்சைச் செய்தவர் முடித்துவிட்டார். நிற்க வைப்பது சின்ன விஷயமில்லை. மனித உருவத்துக்கு மெலிந்த இரண்டு கால் வைத்தால் உடம்பின் பாரத்தில் மடங்கும். பிள்ளை காலைத் தடிப்பாக்கும், அல்லது கால்களை ஒட்டித் தூணாக்கும், அல்லது அலுத்துப்போய் ஆளைப் படுக்க வைத்து “தூங்குறான்” என்று சொல்லிவிடும். மூன்றுமே தீர்வுகள்தான், மூன்றாவது ரொம்பப் புத்திசாலித்தனமானதும்கூட. ஆனாலும் அச்சை அடியோடு ஒதுக்கச் சொன்னால் அது பிடிவாதம். கையில் ஒட்டுவதைச் சகிக்காமல் மாவைத் தொடவே தயங்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு டம்ளரின் விளிம்போ கரண்டியோ வைத்து அழுத்தத் தொடங்கினால் சில நாளில் கை தானாக இறங்கும். வீட்டுப் பாத்திரங்கள் இதற்குப் போதும். சீப்பு, பூரிக்கட்டை, இடியாப்பக் குழல், தீக்குச்சியின் பின்பக்கம் எல்லாம் மாவில் தடம் பதிக்கும், ஆனால் எதுவும் மீனைச் செய்து கொடுத்துவிடாது. மற்றவர் மாவு பிசைவதைக் காட்டும் காணொளிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: அவற்றில் மாவின் எதிர்ப்பைப் பிள்ளையின் கை உணராது.

அடுத்த எதிர்ப்பு சமையலறையிலிருந்து வரும்: சாப்பிடும் பொருளை விளையாட்டுக்குக் கொடுப்பதா? இதை வறட்டுப் பழைமை என்று ஒதுக்கக் கூடாது. மாவை எண்ணி வாங்கும் வீட்டில் அது சரியான கணக்கு. அங்கே களிமண் இருக்கட்டும். குயவரிடம் கிடைக்கும் சலித்த மண்ணும், விநாயகர் சதுர்த்தியை ஒட்டித் தெருவோரம் வரும் மண்ணும் நல்லவை. குளத்தங்கரையில் கண்ட இடத்து மண்ணை அள்ள வேண்டாம். மாவு என்றால், மைதா இரண்டு கப், பொடியுப்பு ஒரு கப், எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டு கப். கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்கி, ஆறியதும் பிசைந்தால் பல நாள் வரும். மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ நிறத்துக்குப் போதும். மஞ்சள் துணியில் கறையாகும் என்பது உங்களுக்கே தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்களில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும், இன்னும் கொஞ்சம் மைதா தூவினால் சரியாகும். வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன அளவில் மாவின் எடையில் கால் பங்குக்கு மேல் உப்பு. பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டையில் ஏறத்தாழ 5 கிராம் உப்பு இருக்கும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நக்கிப் பார்த்தால் கரிக்கும், பெரும்பாலான பிள்ளைகள் துப்பிவிடும். ஆனாலும் எதையும் வாயில் வைக்கும் வயதில், சுமார் இரண்டரை வயதுவரை, இந்த மாவு வேண்டாம். பச்சைச் சப்பாத்தி மாவும் நல்ல மாற்று இல்லை. வேகாத மாவில் கிருமி இருக்கக்கூடும். நம் வீடுகளில் இதைவிட நல்லது ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: கொதிநீரில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறும் கொழுக்கட்டை மாவு. உப்பில்லாமல் கிளறினால் பிள்ளை கொஞ்சம் தின்றாலும் கவலையில்லை; கோதுமை ஒவ்வாத பிள்ளைகளுக்கும் ஏற்றது, கடையில் வாங்கும் பிளே-டோவில் கோதுமை உண்டு என்பதால் அவர்கள் வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும். கோதுமையில் உள்ள இழுவை அரிசி மாவில் இல்லாததால் நீளப் பாம்பு வராது, சீக்கிரம் வெடிக்கும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மீதியை ஈரத்துணியால் மூடி வைத்தால் அரை மணி நேரம் தாங்கும். அன்றைக்குச் செய்தது அன்றைக்கு மட்டும்.

இருபது பிள்ளைகளும் ஒரே பணியாளரும் இருக்கும் அங்கன்வாடியில் இதெல்லாம் நடக்குமா என்றால், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடக்காது. ஐந்தாறு பேர் மாவில் இருக்கும்போது மற்றவர்கள் வேறு விளையாட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கையாலும் பிசையும் அளவு, ஒரு ஆரஞ்சுப் பழம் அளவாவது, கொடுக்க வேண்டும். கோலிக்குண்டு அளவு கொடுத்தால் உருட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிறங்கள் கலந்து அழுக்குப் பழுப்பாவதைத் தடுக்கப் போராட வேண்டாம், ஒரே நிறம் கிண்டினால் போராட்டமே இல்லை. செய்ததை எல்லாம் காய வைத்துப் பெற்றோருக்குக் காட்டும் வழக்கம் இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பிள்ளை கேட்டால் மட்டும் ஒன்றை எடுத்து வைத்து, மற்றதை மறுபடி டப்பாவுக்கே அனுப்புங்கள். தரையில் ஒட்டிய மாவை ஈரத்தோடு துடைத்தால் பரவும், காய விட்டுப் பெருக்கினால் உதிர்ந்து வந்துவிடும். பழசான உப்பு மாவைச் செடி அடியில் போட்டால் செடி கருகும். தெருவில் எறிந்தால் நாய் தின்னும், அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. அதனால் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.